அக்காவின் புரதம்

எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது; இரண்டு கையையும் குவித்து ஏந்த வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது அதைத்தான். எனக்கு ஈரமில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள், ஐயா.

அக்கா தையல் தைத்து என்னைப் படிக்கவைத்தவள். அவள் ரத்தத்தில் ஒரு கோளாறு. உடம்பு தப்பான புரதம் ஒன்றைச் சுரந்தது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும் வகை. அந்த அடைப்பை எலிகளில் உண்டாக்கி, நீக்க வழி தேடுவதுதான் என் வேலை. ஆறு வருஷத்தில் பதினோரு நோயாளிகளின் புரதத்தை ஏற்றிப் பார்த்தேன். எலிகள் அசரவே இல்லை.

“என்னுதையும் எடுத்துக்கோயேன்டா. வீணாத்தானே போகுது,” என்று அக்காதான் சிரித்தபடி சிறுநீர்க் குப்பியை நீட்டினாள்.

இரண்டே நாளில் எலிகளின் சிறுநீரகம் அடைத்துக்கொண்டது. நுண்ணோக்கியில் பார்த்து அழுதுவிட்டேன். சந்தோஷத்தில்தான்.

பிறகு மருத்துவர் மாத்திரை எழுதினார். நல்ல மாத்திரை. ஒரே மாதத்தில் அவள் குப்பியில் எனக்கு வேண்டிய புரதம் ஒன்றும் தேறவில்லை.

வாராவாரம் அவள் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது நான். அதே நிறத்தில் சத்து மாத்திரை கிடைத்தது. ஒரு மாதம் போதும் என்றுதான் நினைத்தேன். ஐந்து மாதம் ஆகிவிட்டது.

“மருந்துக்கு மசியலையே,” என்று மருத்துவர் அளவைக் கூட்டினார். நானும் சத்து மாத்திரையைக் கூட்டினேன்.

“கால் இப்படி வீங்குதே, தம்பி?”

“கொஞ்சம் பொறுத்துக்கக்கா. கேட்கும்.”

விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று மருத்துவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும், எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தேனே. எலி மெலிந்து சுருண்டுவிட்டால் சோதனையை அத்தோடு நிறுத்த வேண்டும் என்பது எங்கள் விதி. ஒருமுறைகூட நான் அதை மீறியதில்லை.

அவள் போன பிறகு, மிச்ச மாத்திரை வேறு யாருக்காவது உதவட்டும் என்று அக்கா வீட்டுக்காரர், என் மாமா, மருந்துக்கடைக்கு எடுத்துப் போனார்.

“இது வெறும் சத்து மாத்திரைங்க,” என்றிருக்கிறார் கடைக்காரர்.

மாமா என்னிடம் சத்தம் போடவில்லை. “உன்னைத்தானேப்பா அவ மலைபோல நம்புனா,” என்றார்.

இப்போதெல்லாம் பட்டப்பகலிலேயே ஆய்வுக்கூட நடையில் செருப்புக்குள் நுழையாத கால் இழுபடும் சத்தம் கேட்கிறது. திரும்பினால் யாரும் இல்லை.

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவைக் கொன்றது அந்தப் புரதம், ஐயா. அதை நூற்று நாற்பது எலிகளில் நிரூபித்திருக்கிறேன்.