ஒழுகாத எஞ்சின்

யுஸ்ரா: அந்தத் தண்ணித் தொட்டிய இப்படித் தள்ளி வைங்ணா. எஞ்சின முழுசா முக்கணும்.

தம்பிதுரை: தண்ணிக்குள்ளயா? கெட்டுப்போகாதுங்களா அம்மணி?

யுஸ்ரா: முக்கி எடுத்ததும் தொடைச்சு எண்ணெய் விட்ருவேன். உங்க தோப்புல பம்புசெட்டு மழையில நனையறதே இல்லையாக்கும்?

தம்பிதுரை: அது எத்தாப் பெருசு. இது எலுமிச்சங்காயாட்ட இருக்குது...

யுஸ்ரா: லோகப்பிரியா கேட்டா சண்டைக்கு வருவா. உங்க பொண்ணு விடற மாடல் பிளேன ஆகாசத்துக்குத் தூக்கிட்டுப் போறதே இந்த எலுமிச்சங்காய்தான்.

தம்பிதுரை: அவதானுங்க சொல்லுவா, கோட்டைமேட்டுல யுஸ்ராக்கா கடையில குடுத்தாத்தான் சரியாகும்னு.

யுஸ்ரா: ஐஸ் வைக்காதீங்க. இந்தாங்க, சிரிஞ்சு. டியூப்புல சொருகிட்டேன். மெதுவாக் காத்து அடிங்க. குமிழி வருதான்னு நான் பாக்கறேன்.

தம்பிதுரை: அடிச்சேனுங்க... வருதுங்களா?

யுஸ்ரா: கார்புரேட்டர் பக்கம் ஒண்ணுமில்ல. பின்மூடியில... இருங்க. இன்னொருக்கா அடிங்க.

தம்பிதுரை: பாத்தீங்களா. நாஞ் சொன்னேன்ல, ஒழுகுதுன்னு.

யுஸ்ரா: உள்ள இருக்கற கேஸ்கட்டு லேசாக் கிழிஞ்சிருக்கு. ரெண்டே குமிழி. இத ஒழுக்குன்னு சொல்ல முடியாதுங்ணா. கசிவு, அவ்வளவுதான்.

தம்பிதுரை: போதும் போதும். அப்ப எழுதிக் குடுத்துருங்க.

யுஸ்ரா: என்னத்த?

தம்பிதுரை: எஞ்சின் ஒழுகித்தான், பிளேனுக்கு ஊத்தறதுக்குக் கேன்ல இருந்த ஸ்பிரிட்டு தீந்துபோச்சுன்னு. உங்க கடை பேரு போட்ட தாள்ல. லோகப்பிரியாகிட்டக் காட்டோணும்.

யுஸ்ரா: எவ்வளவு குறையுது?

தம்பிதுரை: அரை லிட்டரு... கூடவே இருக்கும்.

யுஸ்ரா: ரெண்டு குமிழியில அரை லிட்டர் போகாதுங்ணா. டேங்கக் கழட்டுங்க, அதையும் முக்கிப் பாத்தர்லாம்.

தம்பிதுரை: அதெல்லாம் எதுக்குங்க...

யுஸ்ரா: எழுதித் தரச் சொல்றீங்கல்ல? பாக்காம எழுத முடியுமா? ம்... டேங்குல வெடிப்பில்ல. மூடி இறுக்கமா இருக்கு. டியூப்பும் புதுசு.

தம்பிதுரை: டியூப்பு ஆடுறாப்புல தெரியலீங்களா?

யுஸ்ரா: ஆட்டினா ஆடத்தான் செய்யும். கைய எடுங்க. பிளேனுக்குள்ள ஊத்தறதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டுல விளக்கெண்ணெய் கலந்துக்குவா உங்க பொண்ணு. ஒழுகினா ஸ்பிரிட்டு ஆவியாப் போயிரும், எண்ணெய் எங்கயும் போகாது. அரை லிட்டர் ஒழுகியிருந்தா எஞ்சின மாட்டியிருந்த இந்தக் கட்டை ஊறிப்போயிருக்கணும். விரல வச்சுப் பாருங்க.

தம்பிதுரை: ...காஞ்சுதான் இருக்குது.

யுஸ்ரா: அப்ப அந்த ஸ்பிரிட்டு பிளேனுக்கு வரவே இல்ல. கேன்ல இருந்தே போயிருக்கு.

தம்பிதுரை: ரெண்டு வரி எழுதறதுல உங்களுக்கு என்னங்க அம்மணி...

யுஸ்ரா: யாருங்ணா குடிச்சது?

தம்பிதுரை: குடிச்சாங்கன்னு நாஞ் சொல்லலீங்களே.

யுஸ்ரா: லோகப்பிரியா முந்தாநேத்து போன் பண்ணினா. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.

தம்பிதுரை: அழுதாளா?

யுஸ்ரா: மொதல்ல நீங்க சொல்லுங்க.

தம்பிதுரை: ஆறுச்சாமிங்க. நம்ம தோப்புல பதினெட்டு வருசமா வேலைக்கு இருந்தவன். போன வியாழக்கிழமை சாயங்காலம் குடிச்சிருக்கான். மறுநா வெடியால பாவாத்தா, அவன் சம்சாரம், கையப் புடிச்சுக் கூட்டியாந்தா. கண்ணு தெரியலீங்கறான். கிணத்துக்கடவு ஆஸ்பத்திரில பாத்துட்டு, கோயமுத்தூருக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. சனிக்கிழமை... முடிஞ்சுபோச்சுங்க.

யுஸ்ரா: போலீசு வந்தாங்களா?

தம்பிதுரை: வந்தாங்க. கேன் இருந்த மோட்டார் ரூமுக்குள்ள பூந்து அவனா எடுத்துக் குடிச்சுப்போட்டான்னு எழுதிக்கிட்டாங்க.

யுஸ்ரா: பாவாத்தா அத நம்பறாங்களா?

தம்பிதுரை: நேத்து ஊட்டு வாசல்ல வந்து நின்னா. எம்புருசன் உங்க பொருளத் தொட்டுப்போட்டானுங்க, மனசுல வச்சுக்காதீங்கன்னு... கையெடுத்துக் கும்பிட்டாளுங்க.

யுஸ்ரா: நீங்க என்ன சொன்னீங்க?

தம்பிதுரை: ஊட்டுக்குள்ள போயிட்டேன்.

யுஸ்ரா: அந்தக் கேன் நான் குடுத்ததுங்ணா. வெசம்னு எழுதி ஒரு தாள் ஒட்டித்தான் எப்பவும் குடுப்பேன். அன்னிக்குக் கடையில கூட்டம், ஒட்டல. லோகப்பிரியா பேசினப்பவும் அதச் சொல்ல வாய் வரல. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல.

தம்பிதுரை: உங்க மேல என்னங்க தப்பு. ஆறுச்சாமிக்குப் படிக்கவே தெரியாது. ஒட்டியிருந்தா நானாச்சும்...

யுஸ்ரா: நீங்க?

தம்பிதுரை: ஒண்ணுமில்லீங்க.

யுஸ்ரா: உங்க பொண்ணு என்ன சொல்லி அழுதா தெரியுமா? ஹாஸ்டலுக்குக் கெளம்பற அவசரத்துல மோட்டார் ரூமப் பூட்டாம வந்துட்டேன், என்னாலதான் ஒரு உசுரு போச்சுன்னு. சாப்பிடறதில்ல. கிளாசுக்குப் போறதில்ல.

தம்பிதுரை: அதுக்குத்தானுங்க அந்தத் தாளக் கேக்கறேன். ஸ்பிரிட்டு ஒழுகியே போச்சு, ஆறுச்சாமி குடிச்சது வெளிய எங்கயோ வாங்கினதுன்னு அவ நெனைச்சுக்கிட்டாப் போதும். எம்புள்ள பொழைச்சுக்கும்.

யுஸ்ரா: ரூம் நெசமாவே தெறந்திருந்துச்சா? சாவி யாருகிட்ட இருக்கும்?

தம்பிதுரை: அமுக்குனாப் பூட்டிக்கற பூட்டு, ஒரே சாவிதானுங்க. எப்பவும் என் இடுப்புல...

யுஸ்ரா: அன்னிக்கு?

தம்பிதுரை: அன்னிக்கும்...

யுஸ்ரா: நான் இதுக்கு மேல கேக்கலைங்ணா. தாளும் எழுத மாட்டேன். நீங்க சொல்ல வேண்டியது எங்கிட்ட இல்ல. இருங்க... லோகப்பிரியாவுக்கு ரிங்கு போகுது.

தம்பிதுரை: வேண்டாங்க அம்மணி. கட் பண்ணுங்க.

லோகப்பிரியா: அக்கா?

யுஸ்ரா: லோகப்பிரியா, உங்கப்பா கடைக்கு வந்திருக்காங்க. மொதல்ல நான் ஒண்ணு சொல்லிர்றேன். கேன்ல வெசம்னு தாள் ஒட்டாமக் குடுத்தது நான். அத உங்கிட்ட மறைச்சுட்டேன். இப்ப அப்பாகிட்டப் பேசு.

லோகப்பிரியா: அப்பா... எஞ்சின் ஒழுகுதுங்களா? ஒழுகியிருக்கும்னு நேத்து சொன்னீங்கல்ல.

தம்பிதுரை: கண்ணு... சாப்பிட்டயா?

லோகப்பிரியா: மொதல்ல இதச் சொல்லுங்கப்பா. ஒழுகியிருந்தா, ஆறுச்சாமியண்ணன் குடிச்சது என் ஸ்பிரிட்டு இல்லதானுங்க? பூட்டுன மாதிரியும் இருக்குது, பூட்டாத மாதிரியும் இருக்குது. எத்தனை தடவை நெனைச்சுப் பாத்தும்... அப்பா, லைன்ல இருக்கீங்களா?

தம்பிதுரை: இருக்கேன் கண்ணு. எஞ்சின் ஒழுகல. நீ பூட்டிட்டுத்தான் போன, ஆறுச்சாமியும் எதையும் திருடல. அன்னிக்கு டாஸ்மாக் கடையெல்லாம் லீவு. ஆயிரம் தேங்காய் உரிச்சுப்போட்டு, கையெல்லாம் கடுக்குதுங்கன்னு வந்து நின்னான். நாந்தான் ரூமத் தெறந்தேன். மோந்து பாத்தேன், சாராய வாசமாட்டத்தான் இருந்துச்சு. ஒரு டம்ளரு ஊத்திக் குடுத்தேன். போதுங்க, தொண்டையெல்லாம் எரியுதுன்னான். சும்மா குடிடான்னு... இன்னொரு டம்ளரும் நாந்தான் ஊத்தினேன்.