கொன்ஸ்ரபிள் ஜூலியஸ் சொல்லாத பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அலெக்ஸாண்டர் அவர்களே, பழைய மாணவர் சங்கத் தலைவி அட்சயா அவர்களே, கணவனை இழந்த துயரோடு முன்வரிசையில் இருக்கும் திருமதி கிளடிஸ் அவர்களே, மகள் ஏஞ்சலாவே, இந்தப் பனிக்குள்ளும் பக்கத்து ஊர்களான பிக்கரிங்கிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் வந்து ரூஜில் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெற்றோரே, என் பழைய மாணவர்களே! கனகசிங்கத்தின் வணக்கம். உங்களில் பலருக்கு நான் உப அதிபராக இருந்தவன். பிந்தி வந்தால் வாசலில் மறித்து வைத்துப் பேசியவன். இன்று ஒருவரும் பிந்தவில்லை. ஜூலியஸ் இதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

கொன்ஸ்ரபிள் ஜூலியஸ் அருள்நாயகம்! மன்னாரில் பிறந்து, இந்த நகரத்தின் பொலிஸ் உடுப்பைப் போட்டு, ஆறு வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் பணியாற்றியவர். ஐம்பத்தெட்டு வயதில், இதயம் நின்று, போன வாரம் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டவர் இந்தக் கூட்டத்தை ஒழுங்கு செய்த லக்ஷன். நான் முதலில் மறுத்தேன். பிறகு சம்மதித்தேன். ஏன் மறுத்தேன், ஏன் சம்மதித்தேன் என்பதைச் சொல்லாமல் இன்று நான் இறங்கப் போவதில்லை. ஆனால் முதலில் அவருடைய நல்ல காலத்தைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு, செப்ரெம்பர் மாதம். பள்ளிகளில் பொலிஸ் அதிகாரிகளை வைக்கும் திட்டத்தின் கீழ் அவர் எங்களிடம் வந்தார். முதல் வாரமே பெற்றோர் சந்திப்பு. புது அதிகாரி எல்லோருக்கும் வணக்கம் சொல்லட்டும் என்று அவரை வாசலில் நிறுத்தியவன் நான்தான். உடுப்பு, தொப்பி, இடுப்பில் துவக்கு, எல்லாவற்றோடும் நின்றார். முதலாவதாக வந்தவர் கோணேஸ்வரி அக்கா. ஜூலியஸைக் கண்டதும் அக்கா நின்றார். கைப்பையைத் திறந்தார். ஹெல்த் கார்டை, அந்த அரசாங்க மருத்துவ அட்டையை, எடுத்து நீட்டினார்!

யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவரும் எடுத்தார். அதற்குப் பின்னால் வந்தவரும் எடுத்தார். பத்து நிமிடத்தில் வாசலிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரைக்கும் எங்கள் சனம் அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்கிறது. "தம்பி, இது காணுமோ, இங்கை குடியேறின லேண்டட் பேப்பரும் வேணுமோ?" என்று அக்கா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஊரில் யுத்த காலச் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று எங்கள் கை பழகிய பழக்கம் அது. என் கையும் அன்று சட்டைப் பைக்குள் போனதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜூலியஸ் என்ன செய்தார்? வேண்டாம், உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்றால் வெட்கப்பட்டுப் போவார்கள் என்று யோசித்தாராம். ஒவ்வோர் அட்டையையும் வாங்கி, பெயரைச் சத்தமாக வாசித்து, "வாங்கோ கோணேஸ்வரி அக்கா, உள்ளுக்கை தேத்தண்ணி இருக்கு" என்று இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். கடைசி ஆள் போய் முடிய மண்டபத்தில் தேநீர் முடிந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு அவர் தொப்பியைக் காருக்குள் வைத்துவிட்டு, கையில் பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்றார். தட்டோடு நிற்பவனிடம் எப்படி அட்டையை நீட்டுவது?

எவ்வளவு நல்ல நாட்கள் அவை! காலையில் வாசலில் நின்று எல்லோருக்கும் தமிழில்தான் வணக்கம் சொல்வார். சோமாலியப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் "வணக்கம் ஒபிசர்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். மத்தியானத்தில் கரம் விளையாடுவார். அவரைப் போல மோசமாகக் கரம் விளையாடிய ஒருவரை நான் கண்டதில்லை. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, கூடவே அடிக்கும் காயையும் குழிக்குள் அனுப்பிவிட்டு, பலகை சரிவு என்பார். அந்தப் பலகை ஆறு வருடமாகச் சரிவாகத்தான் இருந்தது, அவருக்கு மட்டும்!

அன்பர்களே, இப்போது மற்றதைச் சொல்ல வேண்டும்.

இன்றைக்குப் பள்ளிகளுக்குள் பொலிஸாரைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சு நடக்கிறது. வேண்டும் என்பவர்களும் ஜூலியஸின் பெயரைச் சொல்கிறீர்கள். வேண்டாம் என்பவர்களும் அவருடைய பெயரைச் சொல்கிறீர்கள். இரண்டு பக்கத்தாரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், வாசலில் காதில் விழுந்தது. ஜூலியஸ் எந்தப் பக்கம்? அதை அவரே சொல்லிவிட்டுத்தான் போனார். இரண்டாயிரத்துப் பதினேழில், எங்கள் நூலகத்தில் நடந்த கருத்துக் கூட்டத்தில் சொன்னார்.

அன்று அவர் உடுப்புப் போடாமல் வந்தார். தன் முறை வந்ததும் எழும்பினார். மூன்று வருடத்துக்கு முன் பஸ் தரிப்பில் நடந்த ஒரு சண்டையைப் பற்றித் தான் எழுதிய அறிக்கையில் ஏழு பெயர்கள் இருந்தன, அதில் ஒரு பெடியன் சண்டையில் இல்லை, பஸ்ஸுக்கு நின்றவன், தான் விசாரிக்காமல் எழுதிவிட்டதாகச் சொன்னார். அந்தப் பெடியன் அம்புலன்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து, பயிற்சிக்குப் போக பொலிஸ் பதிவு கேட்டபோது அந்தப் பெயர் மேலே வந்தது. ஒரு வருடம் போனது. களஞ்சியத்தில் பெட்டி தூக்கினான். "ஆசிரியர் ஒருவர் ஏசி முடிக்க வேண்டிய விஷயம், நான் அங்கை நின்றதாலை கடதாசி ஆகிட்டுது. நான் நல்லவன் எண்டு நீங்கள் எல்லாரும் சொல்லுறியள். நல்லவன் எழுதினாலும் அது கடதாசிதான்." இதுதான் அவர் சொன்னது. அந்த வருடக் கடைசியில் திட்டம் நின்றது.

அந்தப் பெடியன் யார் என்று உங்களுக்குத் தெரியும். கதவருகில் நிற்கும் லக்ஷன்தான். அவனுடைய பெயரை அந்தப் பதிவிலிருந்து எடுக்க ஜூலியஸ் பதினொரு மாதம் கடிதம் எழுதியதையும், வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டதையும் லக்ஷன் எல்லோருக்கும் சொல்வான். அதனால்தான் இந்தக் கூட்டத்தை அவனே முன்னின்று நடத்துகிறான்.

ஆனால் லக்ஷனுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜூலியஸ் கூட்டத்தில் சொல்லாத எட்டாவது பெயர் ஒன்று இருக்கிறது.

அந்த ஏழு பெயர்களையும் எழுதிக் கொடுத்தவன் நான்.

ஜூலியஸ் என்னிடம் பெயர் கேட்கவில்லை. "என்ன நடந்தது சேர்?" என்றுதான் கேட்டார். நான் என்ன செய்தேன்? அலுவலகத்துக்குள் போனேன். ஒரு தாளை எடுத்தேன். பஸ் தரிப்பில் யார் யார் நின்றதாக என் கண்ணுக்குப் பட்டதோ, எல்லோரையும் எழுதினேன். உடுப்புப் போட்டவன் கேட்டால் கையில் எதையாவது கொடுத்துவிட்டு விலகிவிட வேண்டும் என்ற அதே பழக்கம்! கோணேஸ்வரி அக்கா அட்டையைக் கொடுத்தார். நான் பிள்ளைகளைக் கொடுத்தேன். உப அதிபரின் கையெழுத்தைப் பார்த்து ஜூலியஸ் நம்பினார்.

திருகோணமலையில் எனக்கு முப்பது வயதாக இருக்கும்போது ஆமிக்காரர் எங்களை ஒரு மைதானத்தில் இருத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் வண்டிக்குள் இருந்தான். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோவார்கள். அந்தத் தலையாட்டியை நான் வாழ்க்கை முழுக்கச் சபித்தேன். அவனுக்காவது முகத்தில் சாக்கு இருந்தது. நான் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு, நல்ல வடிவான கையெழுத்தில் எழுதினேன்.

நூலகக் கூட்டத்தில் நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று வியர்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கவேயில்லை. முடிந்த பிறகு காரடியில் போய், "ஜூலியஸ், ஏன் என்ரை பேரைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அவர் காரின் கண்ணாடியில் பிடித்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: "சேர், ஒரு பேரை எழுதிக் கெடுத்தது காணும். இன்னொரு பேரை வாயாலை கெடுக்க ஏலாது. லக்ஷனிட்டை நீங்களே சொல்லுங்கோ. அவசரமில்லை. ஆனா சொல்லுங்கோ."

அதற்குப் பிறகு எட்டு வருடம். வேறு வேலைக்கு மாற்றப்பட்ட பிறகும், ஓய்வு பெற்ற பிறகும், செவ்வாய்க்கிழமைக் காலைகளில் உடுப்பில்லாமல், ஒரு பழைய நீல ஜக்கெற்றோடு அதே வாசலுக்கு வருவார். வணக்கம் சொல்வார், காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாட்டிக் கொடுப்பார், போய்விடுவார். என்னைக் கண்டால் லக்ஷனைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்த மனிதர் காத்திருந்தார், நான் அவரைக் காக்க வைத்தேன், அவர் போய்விட்டார். வெட்கமாக இருக்கிறது.

லக்ஷன், உன் ஒரு வருடத்தை எடுத்தவன் நான். உன்னைப் பற்றி விசாரிக்காமல், நீ நின்ற இடத்தை மட்டும் பார்த்து எழுதினேன். மன்னிப்புக் கேட்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று இத்தனை பேருக்கு முன்னால் உன்னை நெருக்கவில்லை. வெளியே போக விரும்பினால் போ, ராசா.

கிளடிஸ் அவர்களே, உங்கள் கணவருடைய பெயர் எட்டு வருடமாகத் தனியே சுமந்த பழியில் பாதி என்னுடையது. அதை இன்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்பர்களே, அதிகாரிகள் திரும்ப வருவார்களோ, வரமாட்டார்களோ, அதை நீங்கள் வாதாடுங்கள். வாதாடும்போது ஜூலியஸ் சொன்னதை முழுவதுமாகச் சொல்லுங்கள், பாதியைச் சொல்லாதீர்கள். ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை காலை அந்த வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். எழுபது வயது, முழங்கால் வருத்தம், கரமும் தெரியாது. ஆனாலும் நான் நிற்பேன். பாண் வாட்டுவேன். வருகிற பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்வேன். ஒருவரும் எனக்கு எதையும் காட்டத் தேவையில்லை. அவர்களாகச் சொல்லும்வரை, ஒரு பிள்ளையின் பெயரையும் நான் கேட்க மாட்டேன்.