போனில் வாசித்துக் காட்டு!

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மையார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அக்காவின் கணவர் அவர்களே, செய்தியறைத் தோழர்களே, அச்சுக்கூடத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் நாளிதழின் தலைமைத் துணையாசிரியர், முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து நம் எல்லோருடைய செய்தியையும் வெட்டித் தள்ளியவர், முதுகுக்குப் பின்னால் நாம் 'கத்தரி அக்கா' என்று அழைத்தவர், மறைந்துவிட்டார். அழுவதற்கா கூடியிருக்கிறோம்? அழுதாயிற்று! இன்று அவர் வென்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அதில் தோற்றவன் நான்.

அக்காவின் மேசையில் ஒரு சட்டம் உண்டு. ஒருவரை 'வெறியர்' என்றோ 'கொள்கைக் குன்று' என்றோ எழுதினால், அச்சுக்குப் போகும் முன் அவருக்கே போன் போட்டு அந்த வரியை வாசித்துக் காட்ட வேண்டும். இந்தச் சட்டத்தால் எத்தனை பேருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது!

இருபது ஆண்டுகளுக்கு முன், ஆலைக் கழிவு குடிநீரில் கலப்பது பற்றி நகர மன்றத்தில் விசாரணை நடந்தது. ஒரு செவிலியர் எழுந்து பேசினார். ஆலை இயக்குநர் பதில் சொன்னார். நான் எழுதினேன்: 'செவிலியர் வெறிபிடித்தவர் போல் கூச்சலிட்டார். இயக்குநர் உணர்ச்சி பொங்க விளக்கினார்.' அந்தச் செவிலியரை வேலையைவிட்டு அனுப்ப மருத்துவமனை நிர்வாகம் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது. என் வரி ஒன்றே போதும்!

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு பேரும் மேசையைத் தட்டினாங்களா?"

"தட்டினாங்கக்கா."

"யார் பலமாத் தட்டினது?"

"இயக்குநர்தான்."

"அப்ப அந்தம்மாவுக்கு மட்டும் எப்படிப்பா வெறி பிடிச்சுது? இந்தா, போன் போடு."

போட்டேன். வாசித்தேன். மறுமுனையில் செவிலியர் கேட்டார்: "நான் கத்தினது நிஜந்தான் தம்பி. ஏன் கத்தினேன்னு எழுதியிருக்கீங்களா?"

எழுதவில்லை! மன்றத்தில் அவர் கையில் கலங்கிய தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தார். அது என் செய்தியில் எங்குமே இல்லை. வெட்கத்தோடு மாற்றி எழுதினேன்: 'வீராங்கனை சிங்கமெனக் கர்ஜித்தார்.' அக்கா அதையும் அடித்தார். "இது செய்தியா, கூத்தா?"

மறுநாள் வந்தது இதுதான்: 'இருவரும் மேசையைத் தட்டிப் பேசினார்கள். செவிலியர் கையில், மருத்துவமனை வார்டுக் குழாயில் பிடித்த கலங்கிய தண்ணீர் இருந்தது.' ஆலை விளம்பரத்தை நிறுத்தியது. நம் இதழின் முதலாளி அக்கா மேசைக்கே வந்து குதித்தார். அக்கா அசைந்தாரா? "எந்த வார்த்தை பொய்னு காட்டுங்க, எடுத்துடறேன்" என்றார். அவரால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. மூன்றே மாதத்தில் கழிவுக் குழாய் அடைக்கப்பட்டது. செவிலியரை யாராலும் தொட முடியவில்லை.

அந்தச் செவிலியர் யார்? இதோ, இன்று தலைமை ஏற்றிருக்கும் நம் நகர மன்றத் தலைவர் அவர்கள்தான்!

இன்று காலை, நாளைய இதழுக்கு அக்காவைப் பற்றி எழுதினேன். 'பிடிவாதக்காரர்' என்று எழுதிவிட்டுக் கை நின்றது. யாருக்கு வாசித்துக் காட்டுவது? அவருடைய கணவருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னார்: "பிடிவாதக்காரிதான், இல்லேங்கல. எதுக்குப் பிடிவாதம்னு எழுதலையே!"

அக்கா, இருபது ஆண்டு கழித்தும் அதே தப்பு! திருத்திவிட்டேன். தோழர்களே, உங்கள் மேசையில் அந்த போன் இருக்கும், அந்தச் சட்டமும் இருக்கும். இது நம் எல்லோர் சார்பிலும் அக்காவுக்கு நான் தரும் வாக்கு. நாளை வரப்போகும் வரியை அவரை அறிந்த உங்கள் முன்னிலையில் வாசிக்கிறேன்:

'ஒருவர் ஏன் கத்தினார் என்று எழுதும்வரை பக்கத்தை அச்சுக்கு அனுப்ப மறுத்த பிடிவாதக்காரர்.'

ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம்.

ஒரு கைகூட இல்லை. அக்கா, பக்கம் போகிறது!