ஏழாம் அறை ராமதாஸ் எங்கும் போகவில்லை

ராமதாஸ், வயது 63, த/பெ அப்பாதுரை, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர், அறை எண் 7, தனியார் தங்கும் விடுதி, செங்கம் சாலை, திருவண்ணாமலை. நேரில் விசாரித்தபோது கூறியதாவது:

என் மனைவி காலமான பிறகு மேற்படி அறையில் மாத வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். என்னைக் காணவில்லை, விடுதி மேலாளர் சமீர் மீது சந்தேகம் என்று பெங்களூரில் வசிக்கும் என் மகள் மதிவதனி புகார் கொடுத்திருப்பதாக அறிந்து, காணாமல் போன நானே காவல் நிலையத்துக்கு வந்து ஆஜரானேன்.

பௌர்ணமியன்று போனை அறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கிரிவலம் போனேன். விடிந்து திரும்பி வந்து கதவைத் தட்டியபோது, என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து வந்து எனக்கு வணக்கம் சொன்னார். என் பெட்டியும் அணைந்துபோன போனும் ஸ்டோர் ரூமில் கிடந்தன. எனக்குக் கோபம் ஜாஸ்தி. சத்தம் போட்டேன். அதன் பிறகு சமீர் ஓடி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கண்டக்டர் சார், பழைய டேட்டாபேஸ்ல நீங்க புறப்படுற தேதி இங்கிலீஷ்ல 'நல்'னு இருந்துச்சி. அப்டின்னா இன்னும் தெரியலன்னு அர்த்தம். புதுசுல அந்தக் கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு வச்சிட்டோம். மாத்தும்போது அன்னிக்குத் தேதியப் போட்டு ரொப்பிட்டேன். நீங்க போயிட்டதா ஆகி, ரூம் காலின்னு காட்டிடுச்சி" என்றார்.

மற்ற விருந்தினர்கள் வரும்போதே புறப்படும் தேதியைச் சொல்லிவிடுவார்கள், நான் ஒருவன்தான் சொல்லாதவன். இறங்குமிடம் சொல்லாத பயணியை இறங்கிவிட்டார் என்று கணக்கு எழுதலாமா என்று கேட்டேன். சமீருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கோபம் அதோடு போயிற்று. அதன் பிறகு, வேறு அறை இல்லாததால் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய தாயார் பீபி ஜான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் தோசை போட்டுக்கொண்டே இருந்தார்.

இதற்கிடையில் என் மகள் விடுதிக்குப் போன் செய்ய, புதிதாக வேலைக்கு வந்த பெண் திரையைப் பார்த்து நான் காலி செய்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். மகள் அழுதுகொண்டே பஸ் ஏறி வந்து புகார் கொடுத்துவிட்டாள். பாசத்தில் செய்தது, அவள் மீதும் தப்பில்லை. வழக்குப் பதிவானால் சமீருக்கு வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். எனக்குச் சமீர் மீது எந்தப் புகாரும் இல்லை. நல்ல பிள்ளை. இதையும் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

சற்று முன் இதே நிலையத்தில் என் மகள், "போதும்பா, என்கூட வந்துடு. இன்னிக்குத் தேதியே இருக்கட்டும்" என்றாள். சமீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "தீபாவளிக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, புறப்படும் தேதிக் கட்டத்தை முன்போலவே 'நல்' ஆக்கச் சமீரிடம் சொன்னேன்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
ராமதாஸ்
அறை எண் 7, முகவரியில் மாற்றம் இல்லை