விதை நீக்கிய மிளகாய்

வற்றல் மிளகாயைக் காதருகே குலுக்கிப் பார்த்து வாங்க வேண்டும், ஐயா. விதை கலகலவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்த சரக்கு. எங்கள் கடைக்கு இன்றும் மிளகாய் நான்தான் வாங்குகிறேன்.

நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தது என் மகன் கண்ணுசாமி மேல் புகார் கொடுக்க. மேட்டூரில் பாக்டரிகள் வந்தபின் கடையில் இடம் போதவில்லையாம். பின்பக்கத்துச் சரக்கறையை இடித்து மேசை போடப் போகிறான். நீங்கள் தடுக்க வேண்டும். பூட்டிக் கிடக்கிற அறைக்கு என்ன அவ்வளவு பிடிவாதம் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

அணை கட்ட எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கே நெல் அளந்த குடும்பம், அணை வேலைக்கு வந்தவர்களுக்கு இலை போட்டுப் பிழைக்க வேண்டியதாயிற்று. அந்தத் தாழ்வே போதும். வீட்டுப் பெண்கள் கடையின் முன்பக்கம் வரக் கூடாது என்று விதித்தேன். மூங்கில் தட்டிக்குப் பின்னால் என் தம்பி வெள்ளியங்கிரியின் மனைவி கந்தம்மாள் சமைத்தாள். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் அவளை நான் கைவிடவில்லை. அதே தட்டிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினேன்.

அவளுக்கு இழுப்பு உண்டு. மிளகாய் நெடி பட்டால் மூச்சுத் திணறும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மிளகாயைக் கிள்ளி விதையை எல்லாம் உதிர்த்துவிடுவாள். வெறும் தோலைக் காய்ந்த எண்ணெயில் போடாமல், கோழி தண்ணீர் விட்டு வேகும்போது போடுவாள். பிறகு சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் சேர்த்து, நீர் சுண்டச் சுண்ட வறுப்பாள். நெடி எழும்பாது. கறி சிவந்திருக்கும், காரம் நிதானமாக ஏறும். சேலத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். உதிர்த்த விதைகளை நான் சாக்கில் சேர்த்துச் சரக்கறையில் வைத்தேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் கல் உடைக்கிற மேஸ்திரி ஒருவர், “ஏனுங்க மொதலாளி, இந்தக் கோழிய வறுத்த கையக் காட்டுங்க, கும்புட்டுக்கறேன்” என்றார். நான் என் கையைக் காட்டினேன். கடை என் அப்பா பெயரில் இருக்கிறது. வேறு யார் கையைக் காட்டுவது?

தட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அந்தக் கைக்கு அடுப்பு எந்தப் பக்கம் எரியுதுன்னே தெரியாதுங்க!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் கந்தம்மாள் வந்து நின்றாள். “மாமா, நாளைக்கு எங்கண்ணன் வண்டி கட்டிட்டு வாரானுங்க. ஜேடர்பாளையத்துல ரோட்டோரமா ஒரு கடை போட்டுக்கறேன்.”

“கடைக்கு என்ன பேரு வெப்பே?”

“எம்பேருதானுங்க. கந்தம்மா கோழிக் கடை.”

யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு மருமகள் பெயர் ரோட்டோரத்துப் பலகையில். போகிற வருகிறவன் எல்லாம் அதை வாய்விட்டுப் படிப்பான்.

எங்கள் பக்கத்தில் அடங்காத பிள்ளைகளுக்கு மிளகாய்ப் புகை காட்டுவது வழக்கம். என் அப்பா எனக்கும் காட்டியிருக்கிறார். அதனால்தான் நான் ஒழுங்காக வளர்ந்தேன்.

மறுநாள் மதியப் பந்தி நடக்கும்போது, தன் பாத்திரங்களை எடுக்கச் சரக்கறைக்குள் போனாள். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி உண்டு. அங்கே தணல் சட்டியை வைத்து விதையைத் தூவினேன். விதையைக் காலையிலேயே சாக்கிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்.

“போகலைன்னு ஒரு வார்த்தை சொல்லு. தொறந்துடறேன்” என்றேன்.

அவள் இருமினாள். கதவைத் தட்டினாள். மறுபடி கேட்டேன். பதில் சொல்லாமல் இருமிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு வீம்பு. இன்னொரு பிடி போட்டேன்.

நெடி கடைக்குள் பரவி, பந்தியில் இருந்தவர்கள் தும்மினார்கள். “இன்னைக்கு அம்மாவுக்குக் கோவமாட்டம் இருக்குது” என்று மேஸ்திரி சொல்ல, மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு இருமல் நின்றது. ஒப்புக்கொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன். இலையில் மோர் விட வேண்டியிருந்தது. நடுவில் விட்டுவிட்டுப் போவது வந்தவர்களுக்கு மரியாதை இல்லை. பந்தி எழுந்த பிறகுதான் கதவைத் திறந்தேன்.

சாயங்காலம் அவள் அண்ணன் ராசப்பன் வண்டியோடு வந்தான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். “சின்ன வயசுலயே அவளுக்கு இழுப்புங்க. நீங்க என்னங்க பண்ணுவீங்க” என்றான். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எல்லாக் காரியமும் காவிரிக் கரையில் முறைப்படி, என் செலவில் நடந்தது. வெளியே ஒரு வார்த்தை போகவில்லை. இன்றுவரை எங்கள் கடையில் விதை நீக்காமல் சமைத்ததும் இல்லை.

ஆனால் மிளகாய் கிள்ள உட்கார்ந்தால் சரக்கறைக்குள் இருமல் கேட்கிறது. கண்ணுசாமி எலி என்கிறான். எலி கதவைத் தட்டுமா? நான் தினமும் பந்தி முடிந்ததும் அங்கே போய் நின்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், ஐயா, அந்தக் கதவைத் திறக்க விடாதீர்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.