பழுப்புக் கிளி

எங்கள் டிசைன் ரூமில் டீ நன்றாக இருக்கும். குடித்துக்கொண்டே கேளுங்கள், சார்.

உங்கள் டிசைன் சாஃப்ட்வேருக்குப் புது அப்டேட் போட்ட அன்று, எந்த டிசைனைத் திறந்தாலும் ஸ்கிரீன் கறுப்பாகிப் போனது. நான் பழைய கம்ப்யூட்டரிலிருந்து படத்தை ஸ்கிரீனில் காட்டுகிற பழைய கிராஃபிக்ஸ் லைப்ரரி ஃபைல்களை எடுத்து, சாஃப்ட்வேர் அவற்றோடு திறக்கும்படி செய்தேன். படம் வந்துவிட்டது. "ஜெபக்குமாரு, நீங்க இல்லீனா கம்பெனிய மூடிப்போட்டுப் போக வேண்டியதுதானுங்க" என்றார் முதலாளி மகுடேஸ்வரன். சுழல் நாற்காலி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பழைய லைப்ரரியைத் தினமும் காலையில் நான்தான் ஏற்றிவிட வேண்டும். தானாக ஏறும்படி வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி அடுத்த வாரமே அப்டேட்டைச் சரிசெய்து அனுப்பியதையும் பார்த்தேன். அவசரப்படவில்லை.

ஒரே குறை, பழைய லைப்ரரியில் பச்சை பழுப்பாகத் தெரியும். ஃபைலில் பச்சைதான், அச்சடித்தால் துணியிலும் பச்சைதான் விழும். யாரும் கேட்காததால் நான் சொல்லவில்லை.

புதிதாகச் சேர்ந்த ஜோதிகா கேட்டாள். குழந்தைகள் பனியனுக்கான கிளி டிசைன். "அண்ணே, கிளி பழுப்பா இருக்கே?"

"எனக்குப் பச்சையாத்தான் தெரியுதும்மா."

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனாள். பிறகு யாரிடமும் கேட்காமல், ஸ்கிரீனில் பச்சையாகும்வரை நிறத்தைத் திருத்திவிட்டாள். துணியில் கிளிகள் ஊதாவாக வந்தன. முதலாளி துணியைத்தான் பார்ப்பார், ஸ்கிரீன் பக்கம் வரமாட்டார். "ஏங்கண்ணு, கிளியப் பாத்ததே இல்லீங்களா?" என்றார். அவள் அழுதாள். அழுபவளைத் திட்ட விடக்கூடாது என்று, "பாவம், கண்ணுல கோளாறுங்க" என்றேன்.

கண் டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் மட்டும் வருகிற கோளாறு டாக்டர்களுக்குப் பிடிபடாது என்று விளக்கினேன். வேலை போகாமல் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றச் சொன்னதும் நான்தான். முதலாளி செலவில் கண்ணாடி போட்டிருக்கிறாள். பவர் இல்லாத வெறும் கண்ணாடிதான். முன்னைவிடத் தெளிவாகத் தெரிகிறதாம்.

நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்து உட்கார்ந்ததுமே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். முதலாளியிடம் சொல்லிக்கொள்ளுங்கள். ஜோதிகாவிடம் மட்டும் வேண்டாம், மனசு உடைந்துவிடும். இப்போதெல்லாம் துணிக்கடையில் நின்றுகொண்டு எனக்குப் படம் அனுப்புகிறாள். "அண்ணே, இது பச்சைதானே?"

பச்சை என்றால் பச்சை என்றுதான் சொல்கிறேன். நம்பிக் கேட்கிற பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு வராது, சார்.