மாப்பிள்ளை நின்று காட்டிய இடம்

ஆறின டீ எனக்கு இறங்காது. மற்றபடி நான் பிடிவாதக்காரன் இல்லை இன்ஸ்பெக்டர் ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருடம் இந்தக் கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டினேன். போன வருடம் தானே யோசித்து ஓடுகிற வண்டிகள் வந்தன. மற்ற ஓட்டுநர் நாற்பது பேரையும் ஒரே நாளில் வெளியே தள்ளினார்கள். எனக்கு மட்டும் அந்த வண்டிகளைத் துடைக்கிற வேலை. வாங்கித் தந்தது என் மகளின் புருஷன். அவன்தான் வண்டிகளுக்குப் பொறுப்பு. என் வயிற்றில் அடித்ததை நானே குளிப்பாட்ட வேண்டும்.

"மெஷின் மேல ஏன் காயுறீங்க மாமா? அது யாரு கையில இருக்குன்னு பாருங்க. முதலாளியக் கேளுங்க" என்பான். முதலாளி கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு சொல்வான்.

சங்கத் தலைவருக்கு வேறு பாட்டு. "காலம் மாறுதுண்ணே, பயிற்சி கேப்போம்."

"அறுபத்திமூணு வயசுல சாகத்தான்யா பயிற்சி வேணும்" என்றேன். கூட்டமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இரண்டு பேரையும் நம்பிப் பயனில்லை. மெஷின் ஆளைக் கொல்லும் என்று நாலு பேர் கண்ணால் பார்த்தால்தான் அதை மூட்டை கட்டுவார்கள்.

பெரிய ஆட்கள் பார்க்க வந்தால் மாப்பிள்ளை ஒரு வித்தை காட்டுவான். ஓடி வருகிற வண்டிக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஒரு முழம் தள்ளி அது நின்றுவிடும். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் தட்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். காலையில் துடைக்கும்போதே அந்த வித்தை வண்டியின் பிரேக் எண்ணெய்க் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டேன். பெட்டிகள் சரியும் என்று மட்டும்தான் நினைத்தேன் என நேற்று உங்களிடம் சொன்னது பொய்.

அவன் போய் நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னிக்காவது கை தட்டுங்க மாமா."

வண்டி அவனைப் பார்த்தது. அபாயச் சத்தமும் போட்டது. நிற்கத்தான் அதனால் முடியவில்லை. அந்தச் சத்தம் வழக்கமானதுதான் என்று அவன் திரும்பவில்லை. நான் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் விலகியிருப்பான். நான் கை தட்டினேன்.

வண்டிகளைப் பூட்டி வைத்துவிட்டார்கள். நாற்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டாயிற்று. மகள் என் முகத்தில் விழிப்பதில்லை. அவளுக்குப் போகப் போகப் புரியும். ஒருத்தன் போனான், நாற்பது வீட்டில் அடுப்பு எரிகிறது. இதையெல்லாம் யோசிக்க மெஷினால் ஆகுமா ஐயா? அதற்கு மனுஷ மனசு வேண்டும்.